காயின்மீது இட்ட அடையாளம்

திரைப்படக் கொலைகாரனுக்குக் கிறிஸ்தவப் பெயர் சூட்டப்படும்போது நம் உள்ளத்தில் ஒரு முணுமுணுப்பு எழுகிறது. 2018 அக்டோபரில் வெளிவந்த ‘ராட்சசன்’ படத்தில் பள்ளிச் சிறுமியரைக் கொல்பவன் பெயர் கிறிஸ்டோபர். அவன் தாயின் பெயர் மேரி பெர்னாண்டஸ். 2020 சனவரியில் வந்த ‘சைக்கோ’ படத்தில் பெண்களின் தலையைக் கொய்பவன், கிறிஸ்தவப் பள்ளியொன்றில் ஆசிரியை ஒருவரின் கொடுமைக்கு ஆளாகி வளர்ந்தவன். ‘நம்மை ஏன் இப்படிக் காட்டுகிறார்கள்?’ என்று நாம் கேட்பது இயல்பே. ஆயினும் அக்கேள்வியோடு நின்றுவிட்டால், இப்படங்கள் செய்யும் பெரிய தீங்கு நம் கண்ணுக்குத் தப்பிவிடும். இவற்றால் உண்மையில் காயமுறுவோர் நாம் அல்லர். நம் தெருவில், நம் பங்கில், சில வேளை நம் வீட்டிலேயே வாழும் மனநோயாளரே இவற்றால் காயமுறுகின்றனர். அவர்கள் சார்பாக இப்படங்களை ஒரு முறை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். ராம்குமார் இயக்கிய ‘ராட்சசன்’ விறுவிறுப்பில் குறை வைக்காத படம். காட்சிக்குக் காட்சி அச்சத்தை ஏற்றிச்செல்லும் வித்தை அதற்குக் கைவந்திருக்கிறது. மிஷ்கினின் ‘சைக்கோ’ அதைவிட ஒரு படி மேலே செல்ல முயன்றது. கொலைகாரனுக்கு அங்குலி என்று பெயரிட்டதன் வழியாக, புத்தரைச் சந்தித்து மனம் மாறிய அங்குலிமாலனின் கதையை அது நினைவூட்டுகிறது. கடத்தப்பட்ட பெண்ணே கடத்தியவனுக்காக இரக்கம் கொள்ளுமாறு அமைத்த துணிவு தமிழ்த் திரைக்குப் புதிது. பகைவரை நேசிக்கக் கற்பிக்கப்பட்ட நாம் அத்துணிவைக் குறைத்து மதிப்பிடலாகாது. பள்ளியில் குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமை எத்தகைய நஞ்சாக மாறக்கூடும் என்று அப்படம் கேட்கும் கேள்வியும் நாம் தள்ளிவிட வேண்டிய ஒன்றன்று. உடலையும் உள்ளத்தையும் வதைக்கும் தண்டனைகளை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது. நம் பள்ளிகளில் பிரம்பு முற்றிலும் ஓய்ந்துவிட்டதா என்பதை நாமே நம்மைக் கேட்டுக்கொள்வது நலம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்த் திரையின் மனநோய்க் கொலைகாரர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது விளங்கும். 1978இல் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’, 1980இல் பாலுமகேந்திராவின் ‘மூடுபனி’, 2001இல் கமல்ஹாசன் தாம் எழுதிய ‘தாயம்’ என்னும் தொடர்கதையிலிருந்து உருவாக்கிய ‘ஆளவந்தான்’, பின்னர் மேற்சொன்ன இரண்டு. இவை அனைத்திலும் ஒரு கட்டத்தில் கதை நின்று, பழைய நாள்களுக்குத் திரும்பி, ‘இதோ, இதனால்தான் இவன் இப்படி ஆனான்’ என்று ஒரு காரணத்தை நம் கையில் கொடுத்துவிடுகிறது. அக்காரணம் பெரும்பாலும் ஒரு பெண்ணே. சிற்றன்னையின் கொடுமை, காதலை மறுத்த மாணவியின் கேலி, ஆசிரியையின் வதை என்று பழி பெண்மீது விழுகிறது. பின்னர்க் கொல்லப்படுவோரும் பெண்களே. சிறுமைப்பட்ட குழந்தைகள் ஆயிரமாயிரம் பேர் எவரையும் கொல்லாமல் வளர்ந்து, உழைத்து, பிள்ளைகளைப் பேணி வாழ்கிறார்கள் என்னும் எளிய உண்மைக்கு அந்தப் பின்கதையில் இடமில்லை.

‘ராட்சசன்’ இன்னும் ஒரு தவறு செய்கிறது. இளமையிலேயே முதிய தோற்றம் தரும் அரிய நோயொன்று அக்கொலைகாரனுக்கு இருப்பதாகக் காட்டி, அம்முகத்தையே திகிலின் சின்னமாக ஆக்குகிறது. அந்நோய்க்கும் கொலைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் மாறுபட்ட முகத்தைக் கண்டால் அஞ்ச வேண்டும் என்னும் பாடத்தோடு சிறுவர்கள் அரங்கிலிருந்து வெளியே வருகிறார்கள்.

உடலின் ஓர் அடையாளத்தைக் கண்டு குற்றவாளியை அறிந்துவிடலாம் என்னும் இந்த எண்ணம் இன்று பிறந்ததன்று. இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்புரோசோ, வில்லெல்லா என்னும் கைதியின் மண்டையோட்டின் பின்புறத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு குழிவைக் கண்டார். பிறவிக் குற்றவாளியின் முத்திரை அதுவே என்று முடிவு கட்டி, 1876இல் ஒரு பெருநூலும் எழுதினார். தாடை, காது, நெற்றி ஆகியவற்றை அளந்து குற்றத்தைக் கணிக்கலாம் என்னும் அவர் கொள்கையைப் பின்வந்த அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் பிறப்பிலேயே குற்றம் உண்டு என்னும் நம்பிக்கை ஆளுவோர்க்கு மிக வசதியாக இருந்தது. 1871இல் வடநாட்டில் தொடங்கி 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப் பரம்பரைச் சட்டம், நம் தென்மாவட்டங்களின் கள்ளர், மறவர் முதலிய சமூகங்களைக் குடும்பம் குடும்பமாகக் குற்றவாளிகள் எனப் பதிவு செய்தது. ரேகைச் சட்டம் என்றே மக்கள் அதை அழைத்தனர். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று கைரேகை வைக்க மறுத்த மக்களில் பதினாறு பேர் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையாயினர். ஒருவன் செயலைப் பாராமல் அவன் பிறப்பின் அடையாளத்தைப் பார்த்துத் தீர்ப்பிட்டால் என்ன நேரும் என்பதை நம் மண் இவ்வாறு தன் இரத்தத்தால் அறிந்திருக்கிறது.

அப்படியாயின், மூளையைப் பற்றி இன்றைய அறிவியல் சொல்வது யாது? அதை அறியாமல் இப்படங்களை எடைபோட இயலாது.

‘சைக்கோ’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் இரு வேறு நிலைகளை நாம் போட்டுக் குழப்பிவிட்டோம். ஒன்று மனச்சிதைவு நோய். பிறர்க்குக் கேட்காத குரல்கள் கேட்பதும், யாரோ தன்னைத் தொடர்வதாக அஞ்சுவதும், எண்ணங்கள் கோவையிழப்பதும் அதன் இயல்பு. மற்றொன்று, பிறர் துன்பம் தன்னைச் சிறிதும் தொடாத, குற்ற உணர்வு அரும்பாத ஆளுமைக் கோளாறு. முன்னவர் அச்சத்தால் துடிப்பவர். பின்னவர் அச்சமே அரிதாகத் தோன்றுபவர். திரைப்படம் முன்னவரின் நோயையும் பின்னவரின் கொடுமையையும் ஒட்டவைத்து ஓர் உருவம் செய்கிறது. ‘ஆளவந்தான்’ படத்தின் நந்து அப்படி ஒட்டவைக்கப்பட்டவனே.

மூளையில் காணும் வேறுபாடுகளும் இவ்விரு நிலைகளுக்கும் ஒன்றல்ல. 1976இல் இலண்டனில் ஈவ் ஜான்ஸ்டன் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும், நெடுநாள் மனச்சிதைவால் வாடிய பதினேழு பேரின் மூளையை, அப்போது புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேன் கருவியால் பார்த்தனர். மூளையின் நடுவே நீர் நிறைந்திருக்கும் அறைகள் அவர்களுக்குச் சராசரியாகப் பெரிதாயிருந்தன. பின்வந்த பல ஆய்வுகள் அதை உறுதி செய்ததோடு, மூளையின் சாம்பல் நிறப் புறணியும் சற்று மெலிந்திருக்கக் கண்டன. பேய் பிடித்தது, செய்வினை வைத்தது, வளர்ப்புச் சரியில்லை என்றெல்லாம் பேசப்பட்ட துயரம், நீரிழிவைப் போல, காசத்தைப் போல, உடலில் வேர்கொண்ட நோயே என்பதற்கு அது பெருஞ்சான்றாயிற்று.

வன்முறையைப் பற்றிய ஆய்வு வேறு. 1997இல் ஏட்ரியன் ரெய்ன் என்பவரும் அவர் குழுவினரும் கலிஃபோர்னியாவில் கொலைக்குற்றம் சாட்டப்பட்ட நாற்பத்தொருவரின் மூளையையும் ஏனைய நாற்பத்தொருவரின் மூளையையும் பெட் ஸ்கேன் வழியாக ஒப்பிட்டனர். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை, சினத்துக்கும் உந்துதலுக்கும் கடிவாளம் போன்றது. அப்பகுதியின் இயக்கம் முன்னவரிடம் சராசரியாகக் குறைந்து காணப்பட்டது. அச்சத்தை உணர்த்தும் அமிக்டலா என்னும் சிறு பகுதியிலும் வேறுபாடு தெரிந்தது.

‘சராசரியாக’ என்னும் சொல்லே இங்கு உயிர்நாடி. சிவகாசியின் ஆண்களையும் பெண்களையும் அளந்தால் ஆண்கள் சராசரியாக உயரமானவர்கள் எனக் காண்போம். அதைக்கொண்டு, எதிரே வரும் ஒருவர் ஆணா பெண்ணா என்பதை உயரத்தால் மட்டும் சொல்லிவிட முடியுமா? குழுவுக்குப் பொருந்துவது தனி மனிதனுக்குத் தீர்ப்பாகாது. இதற்கு வியப்பான சான்று கலிஃபோர்னியாவின் மூளை அறிவியலர் ஜேம்ஸ் ஃபாலனின் வாழ்க்கை. கொலைகாரர்களின் மூளைப் படங்களை ஆராய்ந்துவந்த அவர், ஒப்பிடுவதற்காக எடுத்த தம் குடும்பத்தாரின் படங்களிடையே, கொலைகாரர்களின் படத்தை அப்படியே ஒத்த ஒன்றைக் கண்டார். யாருடையது என்று பார்த்தபோது அது தம்முடையதாகவே இருந்தது. அவர் எவரையும் கொன்றவரல்லர். பேராசிரியர், கணவர், தந்தை. அன்பு நிறைந்த வளர்ப்பு தம்மைக் காத்தது என்று அவர் பின்னாளில் எழுதினார். மண்ணின் இயல்பு ஒன்றாக இருந்தாலும் விளைச்சல் ஒன்றாக இருப்பதில்லை என்பதைக் கரிசல்காட்டு மக்களாகிய நமக்கு எவரும் சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டிலும் மூளையிலிருந்து குற்றத்தைப் படித்துவிடும் ஆசை எழாமலில்லை. 2008இல் புனே நகர நீதிமன்றம் ஒன்று கொலை வழக்கில் மூளை அலைச் சோதனையையும் ஒரு சான்றாக ஏற்றபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இரண்டே ஆண்டுகளில், 2010 மே மாதம், செல்வி என்பவர் தொடுத்த வழக்கில், ஒருவரின் இசைவின்றி அத்தகைய சோதனைகளை நடத்துவது அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனிதனின் உள்ளம் காவல்நிலையத்தின் கதவன்று, எவரும் தட்டித் திறப்பதற்கு.

மனச்சிதைவு உள்ளவர் சிலரிடம், குறிப்பாக மருத்துவம் கிட்டாமலும் மது, போதையோடும் வாழும்போது, வன்முறையின் வாய்ப்புச் சற்று உயர்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அத்தகைய ஒருவரோடு வாழும் தாயின் அச்சம் பொய்யன்று. ஆனால் பெரும்பாலோர் எவருக்கும் ஊறு செய்யாதவர்கள். அடி வாங்குவோராகவும், ஏமாற்றப்படுவோராகவும், தெருவில் கல்லெறி படுவோராகவும் இருப்பவர்கள் அவர்களே.

இவ்வுண்மையைச் சொன்ன ஒரு தமிழ்ப் படமும் உண்டு. 1999 டிசம்பரில் வெளிவந்த பாலாவின் ‘சேது’வை நாம் காதல் கதை என்றே நினைவில் வைத்திருக்கிறோம். அதை மறுபடி எண்ணிப் பாருங்கள். கதைத்தலைவன் நல்ல மூளையோடு இருந்தபோது கல்லூரியில் அடிதடி செய்தவன்; ஒரு பெண்ணை மிரட்டிக் காதலிக்க வைத்தவன். தலையில் அடிபட்டு மூளை காயமுற்ற பின்னரோ, பாண்டி மடத்தில் சங்கிலியில் கட்டுண்டு வதைபடுபவன். நலமுள்ளவன் வன்முறை செய்தான். நோயுற்றவன் அதைத் தாங்கினான். மற்றப் படங்கள் தலைகீழாக வைத்த உண்மையை இப்படம் நேராக நிறுத்தியது.

அச்சங்கிலி கற்பனையன்று. 1985 வரை விருதுநகர்ப் பகுதியைத் தன்னுள் கொண்டிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட வழியின்றி மாண்டனர். இறந்தோர் இருபத்தெட்டுப் பேர். அதே ஆண்டு நவம்பரில், தீபாவளியை ஒட்டி, நம் பட்டாசுகள் நாடெங்கும் முழங்கிய நாள்களில், காப்பகத்திலிருந்து தப்பிவந்து கொலை செய்யும் மனநோயாளியின் கதையான ‘ஆளவந்தான்’ திரைக்கு வந்தது. படம் அந்த விபத்துக்கு முன்பே உருவாகிவந்தது. அதன்மீது குற்றம் சாட்டுவதற்கில்லை. ஆயினும் தப்ப முடியாமல் வெந்தவர்களின் ஆண்டில், தப்பிவந்து கொல்பவனைப் பார்க்க நாம் நுழைவுச்சீட்டு வாங்கினோம் என்பதை மறத்தலாகாது.

ஆகஸ்ட் 6 திருச்சபைக்கு ஆண்டவரின் தோற்றமாற்ற விழா. மலைமேல் ஒளிர்ந்த ஆண்டவர் இறங்கி வந்தவுடன் சந்திப்பது யாரை? அடிக்கடி தீயிலும் நீரிலும் விழுந்து துன்புறும் மகனைக் கொண்டுவந்த ஒரு தந்தையை. சீடர்களால் இயலவில்லை, கூட்டம் வாதிட்டுக்கொண்டிருக்கிறது, தந்தை கதறுகிறார். தீயில் விழும் பிள்ளை மலையடிவாரத்தில் காத்திருக்க, மலையுச்சியின் ஒளியை மட்டும் கொண்டாடிவிட்டு வீடு திரும்ப நமக்கு உரிமை இல்லை.

ஏர்வாடியை வேற்றுச் சமயத்தாரின் தவறாகக் காட்டிக் கைகழுவவும் இயலாது. தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டியில் புனித அந்தோணியார் திருத்தலத்துக்கு மனநோயாளரை அழைத்துவந்து நாள்கணக்கில் தங்கவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மருத்துவமனை தொலைவில் இருந்தபோது புனிதரே ஏழைக்கு அண்மையில் இருந்தார். அந்த நம்பிக்கையை நாம் எள்ளவில்லை. ஆனால் செபம் மருந்தை விலக்குமாயின், அது நம்பிக்கையன்று, புறக்கணிப்பு. ஏர்வாடியே இதற்கு வழிகாட்டியது. தர்கா வளாகத்திலேயே மருத்துவர் அமர்ந்து, மருந்தும் மன்றாட்டும் ஒருசேரக் கிடைக்கும் திட்டம் அங்குப் பின்னர் உருவாயிற்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்துள்ளது.

இங்கு, நம் கந்தக மண்ணைச் சற்று நினைப்போம். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். உரிமம் ஒருவரிடமும் தொழில் வேறு பலரிடமுமாக உள்குத்தகை விடும் பழக்கமும், அனுமதித்த அளவுக்கு மீறிய ஆள்களும் மருந்தும் அதன்பின் பேசுபொருளாயின. இப்பகுதியில் மக்களைக் கொன்ற விபத்துகளை எண்ணுங்கள். அவற்றில் ஒன்றையேனும் விளக்க ஒரு ‘சைக்கோ’ தேவைப்படுகிறதா? நலமான மூளைகளே கணக்குப் போட்டன. நலமான கைகளே கையெழுத்திட்டன. அவற்றின் முன்மூளையை எந்த ஸ்கேனும் படமெடுக்கவில்லை. அவற்றைப் பற்றி எந்தத் திகில் படமும் வரவில்லை. கொலையை மனநோயாளியின் தலைக்குள் தேடும் கதைகள் நமக்கு ஏன் அத்துணை இன்பமாக இருக்கின்றன என்பதற்கு விடை இதில் இருக்கலாம். தீமை எங்கோ ஓர் இருட்டறையில், நம்மைப் போலல்லாத ஒருவனிடம் இருக்கிறது என்று அவை நமக்கு உறுதி கூறுகின்றன.

திருச்சபையின் போதனை இந்த எளிய வழியைத் தரவில்லை. ஒருவர் செயலுக்கு அவர் பொறுப்பேற்கும் அளவு, அச்சம், பழக்கம், உளவியல் காரணங்கள் ஆகியவற்றால் குறையவோ நீங்கவோ கூடும் என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. நாட்டின் குற்றவியல் சட்டமும், தன் செயலின் தன்மையை அறிய இயலாதபடி மனநிலை பிறழ்ந்தவருக்கு விலக்களிக்கிறது. நோயைப் பாவம் என்று சொல்லாமலும், பாவத்தை நோய் என்று மழுப்பாமலும் இருப்பதே இப்போதனையின் நேர்மை. மூளையின் வேறுபாடு ஒருவரின் சுமையை நமக்குக் காட்டுகிறது. அவரை விதியிடம் ஒப்படைத்துவிடுவதில்லை.

இவ்வழியில் நடந்தவர்கள் நமக்கு முன் இருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் கிரனாதா நகரில் பித்தர் என்று கருதப்பட்டு, அடைக்கப்பட்டு, சாட்டையடி பட்ட புனித இறை யோவான், வெளிவந்தபின் நோயாளருக்கென்று தாமே மருத்துவமனை தொடங்கினார். பெல்ஜியம் நாட்டின் கேல் ஊரில் புனித டிம்ப்னாவின் திருத்தலத்துக்கு வந்த மனநோயாளரை ஊர் மக்கள் தங்கள் வீடுகளிலேயே உறவினராக ஏற்றுப் பேணும் மரபு பல நூற்றாண்டுகளாகத் தொடர்கிறது. பூட்டிய அறையைவிடத் திறந்த வீடு நல்ல மருந்து என்று அச்சிற்றூர் உலகுக்குக் காட்டியது.

நாம் செய்யக்கூடியவை பெரியவை அல்ல. பெங்களூரின் தேசிய மனநல நிறுவனம் 2015–16இல் நடத்திய கணக்கெடுப்பின்படி, கடும் மனநோயாளரில் ஏறத்தாழ நான்கில் மூவர் முறையான சிகிச்சை பெறாதவர்கள். அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவமும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். ஓர் அன்பியக் கூட்டத்தில் இதைச் சொன்னால், நோயை மறைத்து வைத்திருக்கும் ஒரு குடும்பம் வாய் திறக்கக்கூடும். ‘சைக்கோ’ என்னும் சொல்லை நம் பிள்ளைகள் வசையாக வீசும்போது நிறுத்திக் கேட்பதும் ஓர் அறப்பணியே. திரைப்படத்தைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பார்த்து முடித்தபின், ‘இக்கதையில் நோயுற்றவனுக்கு ஏன் மருந்து இல்லை, ஏன் ஒரு நண்பன் இல்லை?’ என்று பிள்ளைகளோடு பேசுங்கள் என்கிறோம்.

தொடக்கநூலில் முதல் கொலைகாரனான காயின்மீது ஆண்டவர் ஓர் அடையாளம் இடுகிறார். அது சாபத்தின் முத்திரை என்றே பலர் எண்ணிவருகிறோம். மூலத்தைப் படித்தால் வேறொன்று காண்போம்: காண்பவர் எவரும் அவனைக் கொன்றுவிடாதபடி அவனைக் காக்கவே அந்த அடையாளம் இடப்பட்டது. கொலை செய்தவனுக்கே கடவுள் அளித்த காப்பு அது. எக்கொலையும் செய்யாத நோயாளியின் நெற்றியில் நாம் இட்டுவரும் அடையாளம் எதற்காக?